பஸ்ஸை ஸ்டேஷனுக்கு விடுங்கள்

பட்டாபிராம்
14.6.98

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை லோகநாயகி எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். ஆரணியில் நீ, அண்ணி, ஆண்டாள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவின் முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. நீ அனுப்பிய தைலத்தைத் தடவினால் வாசனை நன்றாக இருக்கிறது என்கிறாள். வலியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் கம்பெனியில் என்னைச் செக்கிங்கில் போட்டுவிட்டார்கள். ஸ்கூட்டருக்குப் போகிற ஒயர்க் கட்டை ஒவ்வொன்றாக மாட்டி, விளக்கு எரிந்தால் ஒரு பெட்டியிலும் எரியாவிட்டால் இன்னொன்றிலும் போட வேண்டும். பக்கத்து மேஜை நாகம்மா அக்காதான் துணை.

இப்போது ரயிலை விட்டுவிட்டேன். போவதும் வருவதும் பஸ்ஸில்தான். காரணம் ஒன்றும் இல்லை. உன் பழைய சட்டை இரண்டை அம்மா தினமும் நனைத்து வாசல் பக்கக் கொடியில் போடுகிறாள். இதையும் ஏன் என்று கேட்காதே.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
லோகா

ஆரணி
27.6.98

அன்புத் தங்கை லோகாவுக்கு,

அண்ணன் கஜபதியின் ஆசிகள். அம்மாவைக் கேட்டதாகச் சொல். நாங்கள் எல்லோரும் நலம். ஆண்டாளுக்கு முன்பல் இரண்டு விழுந்து, 'அத்தை' என்று சொல்ல வராமல் 'அப்பே' என்கிறாள். உன் அண்ணி சொர்ணம் அதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து மாய்கிறாள்.

எனக்கு அதே ஆரணி - வேலூர் ரூட்தான். தனியார் பஸ் கண்டக்டர் பிழைப்பு உனக்குத் தெரியாததா? முன்னால் போகிற பஸ்ஸைப் பிடிக்கவும் பின்னால் வருகிற பஸ்ஸுக்குப் பிடிகொடாமல் ஓடவுமே பொழுது சரியாகிவிடுகிறது.

மூன்று மாத சீசன் எடுத்தவள் ரயிலை விட்டு பஸ்ஸில் போகிறாய். நான் ஆரணிக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. இங்கே இருக்கிறவன் சட்டை அங்கே தினமும் எப்படியம்மா அழுக்காகிறது? கேட்காதே என்றால் கேட்கத்தான் தோன்றுகிறது. எழுது.

அன்புடன்,
கஜபதி

பட்டாபிராம்
9.8.98

அன்புள்ள அண்ணனுக்கு,

லோகநாயகி வணக்கத்துடன் எழுதுவது. சுகமா? பதில் எழுத இத்தனை நாளானதற்கு மன்னித்துக்கொள். நான்கு முறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஒரு ஆள் என் பின்னாலேயே வருகிறான். பேர் பரந்தாமன். எங்கள் கம்பெனிக்கு இரண்டு தெரு தள்ளி லேத் பட்டறையில் வேலை. குடிகாரன் இல்லை. நெற்றியில் விபூதி, இஸ்திரி போட்ட சட்டை என்று மரியாதையாகத்தான் இருப்பான். அதனாலேயே யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. சித்திரையில் ஒருநாள் ரயிலில் பேர் கேட்டான். நான் சொல்லவில்லை. மறுநாள் பேர் சொல்லியே கூப்பிட்டான். அதன்பிறகு கம்பெனி வாசலில் நிற்பான், நம் தெருமுனையில் நிற்பான். ரயிலை விட்டு பஸ்ஸுக்கு மாறினேன், அவனும் மாறினான். டீக்கடையில் என்னைக் கட்டிக்கப்போகிறவள் என்று சொல்லி வைத்திருக்கிறான். ஒருநாள் நான் இல்லாதபோது வீட்டுக்கே வந்து, "வயசானவங்க தனியா கீறீங்க, எதுனா ஒண்ணுன்னா சொல்லுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அன்றிலிருந்துதான் உன் சட்டை கொடியில் தொங்குகிறது. வீட்டில் ஆம்பிளை இருப்பதாக நினைக்கட்டும் என்று.

வேலையை விடு என்கிறாள் அம்மா. விட்டால் அவன் வருவது நின்றுவிடுமா?

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் நாகம்மா அக்கா பேப்பரை உரக்கப் படித்தாள். சிட்டியில் பையன்கள் சீண்டியதில் அந்தக் கல்லூரிப் பெண் செத்துப்போன பிறகு, ஈவ் டீசிங் செய்கிறவர்களுக்குப் புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். ஒரு வருஷம் வரை ஜெயில் கொடுக்கலாமாம். பஸ்ஸில் நடந்து பெண் புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் அந்த பஸ்ஸைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப் போக வேண்டுமாம். கேட்டுக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ பஸ்ஸிலேயே இருக்கிறவன். உன்னைத்தான் கேட்க முடியும். அப்படி ஒரு பெண் சொன்னால் கண்டக்டர் செய்வாரா? இது நடக்கிற காரியமா? மறைக்காமல் எழுது.

உன் தங்கை,
லோகா

ஆரணி
18.8.98

லோகாவுக்கு,

கஜபதி எழுதுவது. இங்கே சுகத்துக்கு ஒன்றும் குறைவில்லை. உன் கடிதம் படித்ததிலிருந்து எனக்கு ரத்தம் கொதிக்கிறது. இதை நீ சித்திரையிலேயே எழுதியிருக்க வேண்டாமா?

அடுத்த மாதம் முதல் ஞாயிறு நான்கு பேரோடு வருகிறேன். அவன் பட்டறை எது என்று மட்டும் சொல். கை கால் ஒழுங்காக இருந்தால்தானே பின்னால் வருவான்?

அதுவரை நீ வேலைக்குப் போக வேண்டாம். வீட்டில் இரு. அல்லது அம்மாவை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடு. சொர்ணத்தின் சித்தப்பா வழியில் ஒரு பையன் இருக்கிறான். பேசி முடித்துவிடலாம். சட்டம் பேப்பரில் நன்றாகத்தான் இருக்கும். பஸ்ஸில் அறுபது பேர் இருப்பார்கள். அறுபது பேருக்கும் அவசரம். உனக்கு அதெல்லாம் தெரியாது.

அம்மா தைரியமாக இருக்கட்டும்.

கஜபதி

பட்டாபிராம்
30.8.98

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அம்மா நலம். நானும் நலம்.

நான்கு பேரோடு வர வேண்டாம். நீ அடித்தால் கேஸ் உன் மேல்தான் வரும். அவன் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுப்பான், நான் உனக்காக ஸ்டேஷனில் நிற்பேன். பையன் பேச்சும் இப்போது வேண்டாம். ஓடி ஒளிந்து கட்டிக்கொண்டேன் என்று பிறகு எனக்கே தோன்றும்.

நாளைக்கும் வேலைக்குப் போகிறேன். நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை.

லோகா

பட்டாபிராம்
11.10.98

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

லோகநாயகி எழுதுவது. ஆறு வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. குழந்தைக்கு உடம்பு ஒன்றும் இல்லையே?

போன செவ்வாய்க்கிழமை நடந்ததை அடுத்தவர் வாயால் கேட்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு எஸ்டேட்டில் பஸ் ஏறினோம். நாகம்மா அக்காவும் நானும். நல்ல கூட்டம். பரந்தாமன் பின்வாசலில் ஏறி நகர்ந்து நகர்ந்து என் பின்னால் வந்து நின்றான். இத்தனை நாள் பார்ப்பான், பேசுவான். அன்றைக்கு இடுப்பில் கை வைத்தான். எடுத்துவிட்டேன். மறுபடி வைத்தான்.

கண்டக்டர் சீட்டு கிழித்துக்கொண்டு வந்தார். "அண்ணே, இந்தாளு ஆறு மாசமா என் பின்னால வர்றான். இப்ப மேல கை வெக்கிறான். பஸ்ஸ ஸ்டேஷனுக்கு உடுங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"இன்னாமா, இதுக்குப் போயி. முன்னால போய் நில்லு" என்றார்.

"முன்னால போனா முன்னால வருவான். சட்டம் கீது. நீங்க உட்டுத்தான் ஆவணும்."

பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர், "ஆவடில எனுக்கு ரயிலு கீதும்மா. உன் சண்டைக்கு நாங்க இன்னா பண்ணோம்?" என்றார். அதற்குள் பரந்தாமன் எல்லோரையும் பார்த்துச் சிரித்தான். "ஒண்ணுமில்ல சார். நம்ம ஊட்டுப் பொண்ணுதான். கோவத்துல கீது" என்றான்.

அதைக் கேட்டதும் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குடும்பச் சண்டை, நமக்கு எதற்கு என்று. அந்த நிமிஷம்தான் எனக்குப் பயம் விட்டுப்போனது. கம்பெனி அடையாள அட்டையை எடுத்துக் கண்டக்டர் கையில் கொடுத்தேன். "படிங்க. லோகநாயகி, பட்டாபிராம். எனக்குக் கல்யாணம் ஆவல. இவன் எங்க ஊட்டு ஆளான்னு இவனையே கேளுங்க. எங்கப்பா பேரு இன்னான்னு கேளுங்க."

அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "நான் சாட்சி. ஆறு மாசமா பாத்துகினு கீறேன்" என்று நாகம்மா அக்கா கையைத் தூக்கினாள்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றார். ஒரு நிமிஷம் இருக்கும். அண்ணே, அந்த ஒரு நிமிஷம் எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

ஓ.டி. ஸ்டாப்பைத் தாண்டி டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "செங்கல்வராயா, யாரையும் எறக்காத. வண்டி ஸ்டேஷனுக்குப் போவுது" என்றார். பரந்தாமன் படிக்கட்டுக்குப் பாய்ந்தான். அங்கே இரண்டு படியிலும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். எப்போது வந்து உட்கார்ந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ரயில் பிடிக்க வேண்டும் என்றவரே அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

அறுபது பேரோடு பஸ் ஸ்டேஷன் வாசலில் போய் நின்றது. உள்ளே இருந்தவர்கள் ஏதோ மறியல் என்று வெளியே ஓடி வந்தார்கள். எச்சரித்து அனுப்பிவிடலாமே, உங்கள் பேர்தானே கெடும் என்றார் ஒருவர். "கெட்டது என் பேரு இல்ல சார். எழுதிக்குங்க" என்றேன். ஒன்றரை மணி நேரம் நின்றோம். எழுதிக்கொண்டார்கள். சாட்சிக் கையெழுத்து முதலில் போட்டது அந்தக் கண்டக்டர் செங்கல்வராயன்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.

தீபாவளிக்கு உங்களால் வர முடிந்தால் வாருங்கள்.

லோகா

ஆரணி
2.11.98

அன்புள்ள லோகாவுக்கு,

அண்ணி சொர்ணம் எழுதுவது. அத்தையின் உடம்பு எப்படி? நாங்கள் மூவரும் இருக்கிறோம். தீபாவளிக்கு வர முடியவில்லை. உன் அண்ணன் லீவு கேட்கவே இல்லை.

உன் கடிதத்தை அவர் பஸ் ஸ்டாண்டில் நின்றே படித்தாராம். வீட்டுக்கு வந்து என் கையில் கொடுத்துவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார். தங்கச்சி இவ்வளவு பெரிய காரியம் செய்திருக்கிறாளே, ரெண்டு வரி எழுதக் கூடாதா என்றேன். "எழுதறேன், எழுதறேன்" என்கிறார். பேப்பரை எடுத்து வைக்கிறார், மடித்து வைக்கிறார். கோபமா என்றால் இல்லை என்கிறார். எனக்கு விளங்கவில்லை. நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

எங்கள் தெருவில் தறி நெய்கிற பெண்களுக்கு உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "நம்ம கஜபதி தங்கச்சியா?" என்று இப்போது என்னை நிறுத்தி நிறுத்தி விசாரிக்கிறார்கள். உனக்கு அண்ணியாக வாழ்க்கைப்பட்டதில் எனக்குப் பெருமை. முன்பு இதைச் சொல்லத் தோன்றவில்லை, இப்போது சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
சொர்ணம்

பட்டாபிராம்
17.1.99

அன்புள்ள அண்ணி,

லோகா எழுதுவது. பொங்கல் நல்லபடியாகப் போனதா? ஆண்டாளுக்குப் பல் முளைத்துவிட்டதா?

கேஸ் பூந்தமல்லி கோர்ட்டில் நடக்கிறது. இரண்டு வாய்தா ஆகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் லீவு. சூபர்வைசர் முகம் சுளித்தார். கண்டக்டர் செங்கல்வராயன் இரண்டு தடவையும் டூட்டியை மாற்றிக்கொண்டு வந்து மரத்தடியில் நின்றார். அன்று முன்னால் போய் நில் என்று சொன்னதற்கு ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. வந்து நிற்கிறார், அவ்வளவுதான். அது போதும்.

பொங்கலுக்கு முன்னால் பரந்தாமனின் அம்மாவும் மாமாவும் தட்டில் பழம் வைத்துக்கொண்டு வந்தார்கள். கேஸை வாபஸ் வாங்கிவிடு, வேண்டுமானால் அவனுக்கே கட்டி வைக்கிறோம் என்றார்கள். நம் அம்மா அதுவரை அழுதுகொண்டே இருந்தவள், இதைக் கேட்டதும் எழுந்துவிட்டாள். "எம்பொண்ணு பழமா, தட்டுல வெச்சிக் குடுக்க?" என்று தட்டை அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். முட்டி வலியையும் மறந்து வாசல் வரை நடந்து போய்க் கதவைச் சாத்தினாள். கொடியில் கிடந்த சட்டைகளையும் அன்றைக்கே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

அண்ணன் கையெழுத்தைப் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது. அவன் நலமாக இருக்கிறானா என்று மட்டும் எழுதுங்கள்.

லோகா

ஆரணி
7.2.99

அன்புத் தங்கை லோகாவுக்கு,

கஜபதி எழுதுவது. நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

உன் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். கண்டக்டர் செய்வாரா என்று கேட்டாய். நான் செய்யவில்லை.

போன வருஷம் மாசி மாதம், வேலூர் போகிற எட்டேகால் டிரிப். கண்ணமங்கலத்தில் டீச்சர் டிரெயினிங் படிக்கிற ஒரு பெண் தினமும் ஏறும். பேர் பஞ்சவர்ணம். பூ வியாபாரி ஒருவனும் அதே பஸ்ஸில் தினமும் வருவான். எங்கள் முதலாளிக்கு வேண்டியவன். அன்றைக்கு அந்தப் பெண் என்னிடம் வந்து, "அண்ணா, இவரு தினம் கைய வெக்கிறாரு" என்றது. நிறையப் பேர் இருந்தார்கள். முன்னால் ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. "பின்னாலயே இன்னொரு வண்டி வருதும்மா, அதுல வா" என்று அவளைப் பாதி வழியில் இறக்கிவிட்டு விசில் கொடுத்தேன். அவனை இறக்கவில்லை. அவளை இறக்கினேன். நோட்டுப் புத்தகத்தை அணைத்துக்கொண்டு சாலையோரம் நின்றாள். ஸ்டாப் கூட இல்லாத இடம்.

அதற்கப்புறம் அவள் என் பஸ்ஸில் ஏறவில்லை. அப்போது இந்தச் சட்டம் இல்லை என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். சட்டம் இல்லாவிட்டால் என்ன, கண் இருந்ததே. உன் கடிதத்தில் என் முகம் தெரிந்தது என்று எழுதியிருந்தாய். நீ நல்லதாக நினைத்துத்தான் எழுதினாய். எனக்குத்தான் தாங்கவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அடுத்த வாய்தாவுக்கு வருகிறேன்.

கஜபதி

பட்டாபிராம்
16.2.99

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குப் படித்துக் காட்டவில்லை.

மறைக்காமல் எழுதினாயே, அது பெரிது. ஆனால் என்னிடம் மன்னிப்புக் கேட்டு என்ன? அவள் ஏறுகிற ஊர் உனக்குத் தெரியும்.

வாய்தா அடுத்த மாதம் பத்தாம் தேதி. வா.

லோகா

ஆரணி
23.5.99

அன்புத் தங்கை லோகாவுக்கு,

கஜபதி எழுதுவது. அம்மாவும் நீயும் சுகமா? இங்கே வெயில் கொளுத்துகிறது. மற்றபடி சுகம்.

அவனுக்கு மூன்று மாத ஜெயில் என்று தீர்ப்பு வந்த செய்தி நாகம்மா அக்கா போனில் சொல்லித் தெரிந்தது. சொர்ணம் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். எனக்குத் தீர்ப்பைவிட மார்ச் மாதம் கூண்டில் உன்னைப் பார்த்ததுதான் மனதில் நிற்கிறது. "ஆறு மாதம் தொந்தரவு என்றால் ஏன் அதே பஸ்ஸில் போனீர்கள்?" என்று அந்த வக்கீல் கேட்டார். "அது எங்க ஊருக்குப் போற பஸ்ஸு சார். நான் ஏன் மாறணும்?" என்றாய். மாஜிஸ்ட்ரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். நான் வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டேன். சின்ன வயதில் ரோட்டைத் தாண்ட என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் நீ. இனி நான்தான் உன் பின்னால் வர வேண்டும்.

கண்ணமங்கலம் போய்வந்தேன். மூன்று ஞாயிறு அலைந்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அவள் அப்பா வா என்று சொல்லவில்லை. பஞ்சவர்ணம் வாசற்படியில் நின்றாள். டிரெயினிங்கைப் பாதியில் விட்டுவிட்டாளாம். எந்த பஸ்ஸில் போனாலும் அந்தப் பூ வியாபாரி வருகிறான் என்று சொல்ல முடியாமல், படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொல்லியிருந்திருக்கிறாள். நான் வந்து சொல்லித்தான் அவள் அப்பாவுக்கே தெரிந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எத்தன மாசம் கழிச்சி வர்றீங்க தெரியுமா?" என்றாள். பதினைந்து மாதம். தெரியும் என்றேன். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. உன் அக்டோபர் மாதத்துக் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். "இவங்க அட்ரஸ் தர்றீங்களா?" என்றாள். கொடுத்திருக்கிறேன்.

கஜபதி

பட்டாபிராம்
13.6.99

அன்புள்ள பஞ்சவர்ணத்துக்கு,

லோகநாயகி எழுதுவது. நீயும் அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. முன்பின் பார்க்காதவளுக்கு எழுதுகிறேன் என்று ஏன் தயங்கினாய்? உன்னை எனக்குப் பிப்ரவரியிலிருந்தே தெரியும்.

இந்த மாதம் மறுபடி டிரெயினிங் சேருகிறாய் என்பதைப் படித்து நாகம்மா அக்காவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பூ வியாபாரி இன்னும் அதே பஸ்ஸில்தான் வருகிறான் என்று எழுதியிருக்கிறாய். எனக்குப் பயமாக இல்லையா என்று கேட்டிருக்கிறாய். இருந்தது. இப்போதும் பஸ்ஸில் பின்னால் யாராவது நகர்ந்தால் திரும்பிப் பார்க்கிறேன். பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருந்தால் நானும் ரயில், பஸ், தெரு என்று மாற்றிக்கொண்டே இருந்திருப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நேரம்தான். அதற்குள் யாராவது ஒருவர் எழுந்து நிற்பார். எனக்கு நின்றார்கள். புகாரில் தேதி, நேரம், பஸ், அவன் செய்தது நான்கையும் எழுது. அழகாக எழுத வேண்டாம், நடந்ததை எழுது.

வகுப்பு 21-ந் தேதி திங்கட்கிழமை தொடங்குகிறது என்றாய். அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறே ஆரணி வந்துவிடுவேன். எட்டேகால் பஸ்ஸில் ஜன்னலோரம் உனக்கு இடம் போட்டு வைத்திருப்பேன். நீ கண்ணமங்கலத்தில் ஏறு.

அந்த டூட்டியில் என் அண்ணன்தான் இருப்பான். முதலாளி என்ன சொன்னாலும் பஸ்ஸைத் திருப்புவேன் என்று சொல்லியிருக்கிறான். திருப்புகிறானா என்று நாம் இரண்டு பேரும் பார்ப்போம். அவனை மன்னிக்கச் சொல்லி நான் உன்னைக் கேட்கவில்லை. டிக்கெட் மட்டும் வாங்கிக்கொள்.

நேரில் பார்க்கலாம்.

உன் அக்கா,
லோகநாயகி